ஏழாம் ஃபிரெட்டின் பள்ளம்

அம்மா இறந்த மாதக் கடைசியில் அவள் வேலை பார்த்த கிதார் தொழிற்சாலையிலிருந்து அழைத்தார்கள். அவள் நினைவாகக் குடும்பத்துக்கு ஒரு எலெக்ட்ரிக் கிதார் தருகிறார்களாம். நேரில் வந்து பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அம்மாவுக்கே தெரியாது. ஆனால் எனக்கு அது வேண்டியிருந்தது. வீட்டில் அவள் கை படாத பொருள் இல்லை. அவள் கை செய்து முடித்த பொருள் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பெட்டியில் ஏறி எங்கெங்கோ போய்விட்டன. அதில் ஒன்று என்னிடம் இருக்க வேண்டும்.

கிதாரின் கழுத்தில் குறுக்கே உலோகக் கம்பிகள் பதித்திருப்பார்கள். ஃபிரெட் என்பார்கள். அவற்றின் முனை விளிம்பில் துருத்தி நின்றால் வாசிப்பவர் கையைக் கீறிவிடும். அந்த முனைகளை அரத்தால் உருட்டி, உப்புத்தாளால் தேய்த்து, கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது அம்மாவின் வேலை. தடவும்போது கண்ணை மூடிக்கொள்வாள். சேர்ந்த புதிதில் மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார்.

“என்னம்மா, வேலை நேரத்துல தூங்குறியா?”

“தூங்கல சார். பாத்துட்டிருக்கேன்.”

அன்றிலிருந்து அவள் பெயர் கண்மூடி அக்கா. வயதில் பெரியவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். புது நாற்காலி வந்தால் உட்காருமுன் விளிம்பைத் தடவுவாள். பேருந்தில் முன்சீட்டுக் கம்பியைத் தடவுவாள்.

“அம்மா, எல்லாரும் பாக்குறாங்க.”

“பாத்துட்டுப் போகட்டும். இங்க ஒரு பிசிறு இருக்கு பாரு.”

எனக்குக் காய்ச்சல் வந்தால் புருவத்தின் மேல் அதே கட்டைவிரல் போய் வரும். சொரசொரப்பான விரல். காய்ச்சல் மயக்கத்தில் நானும் ஏதோ ஒரு மரத்துண்டு என்றும், என்னை மெல்ல வழவழப்பாக்குகிறார்கள் என்றும் தோன்றும். இப்போதும் கண்ணயரும் நேரத்தில் தோன்றுகிறது.

தொழிற்சாலையில் பெயின்ட் மாமா காத்திருந்தார். வண்ணம் பூசும் பிரிவின் மூத்தவர். அம்மாவுக்கு அவர் அண்ணன் முறை, அவளே வைத்துக்கொண்ட முறை. தலைக்கு மேல் சங்கிலியில் வண்ணம் காயாத கிதார் உடல்கள் நகர்ந்துகொண்டிருந்தன. கழுத்தில்லை, தந்தியில்லை. நீலம், கருஞ்சிவப்பு, வெண்ணெய் நிறம். சன்னல் வெயிலில் மரத்தூள் மிதந்தது. அவள் மேசை வரை நடந்தது தண்ணீருக்குள் நடந்தது போலிருந்தது.

மேசைமேல் இரண்டு கிதார்கள். ஒன்றின் தலையில் பிரபல வாசிப்பாளர் ஒருவரின் கையெழுத்து. அவர் விருப்பப்படி, அவர் பெயரில் செய்யப்படும் சிக்னேச்சர் ரகம். மற்றது வழக்கமான உற்பத்தி.

“ரெண்டும் உங்கம்மா கடைசியா வந்த வாரம் முடிஞ்சது. உனக்குப் புடிச்சத எடு. நானா இருந்தா சிக்னேச்சரத்தான் எடுப்பேன் கண்ணு. மத்தது கடைக்குக் கடை தொங்குது.”

நான் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். துக்கத்திலும் பையில் கருவி இருந்தது. மட்டம் பார்க்கும் எஃகுப் பட்டையான நேர்விளிம்பை எடுத்தேன்.

சிக்னேச்சரின் பூச்சு மெல்லியது. சாதாரணத்தில் கொஞ்சம் தடிப்பு. பின்மூடியைக் கழற்றினால் சிக்னேச்சரின் உட்குழி முழுக்க இரைச்சல் தடுக்கும் கரிய பூச்சு. சாதாரணத்தில் ஒரு தகட்டுத் தாள் மட்டும். முன்னதில் தந்தி நழுவாமல் பூட்டும் சாவிகள். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் இரண்டிலும் காகிதம் நுழையவில்லை. ஃபிரெட் மட்டத்தில் இரண்டும் ஒன்றுதான்.

கழுத்தின் விளிம்பில்தான் வேறுபாடு. சிக்னேச்சரில் ஏழாம் ஃபிரெட் பக்கம் நேர்விளிம்புக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. மிக லேசான பள்ளம்.

“மாமா, இதுல பழுது இருக்கே.”

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“பழுதா? அத வச்சுத்தான் இதுக்கு மவுசு. உங்கம்மா உனக்குச் சொல்லவே இல்லையா?”

சொன்னதில்லை. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அவ சேர்ந்த புதுசு. நீ வயித்துல. ஏழாவது ஃபிரெட்ல அரத்த வச்சிருக்கா, நீ விட்ட பாரு ஒரு உதை! அரம் சறுக்கி மரத்துல எறங்கிடுச்சு. கழிச்சுப் போட வேண்டிய கழுத்து. புது வேலை, பயம். உப்புத்தாள் போட்டு வழவழன்னு ஆக்கி அனுப்பிட்டா. சாதாரண கிதார்தான் அது. எந்தக் கடையிலயோ இந்தக் கையெழுத்துப் போட்ட ஆளு வாங்கியிருக்காரு. அப்ப அவர யாருக்குத் தெரியும்? பெருவிரல் அந்தப் பள்ளத்துலயே உக்காந்துடுச்சு. வேற கிதார் கையில நிக்கல.”

அந்த வாசிப்பாளர் பெரிய ஆளானபின் அவர் பெயரில் கிதார் செய்ய முடிவானது. பழைய கிதாரைக் கொண்டுவந்து அங்குலம் அங்குலமாக ஸ்கேன் செய்தார்கள். அம்மாவையும் தடவிப் பார்க்கச் சொன்னார்கள்.

“ஏழாவதுக்கு வந்ததும் விரல் நின்னுபோச்சு. கண்ணத் தொறக்கவே இல்ல. சிரிப்ப அடக்க முடியல அவளால. என் காதுல வந்து, ‘அண்ணே, இது என் புள்ள உதைச்சது’ன்னா. வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வேற.”

அதன்பின் அந்தப் பள்ளம் வரைபடத்தில் ஏறிவிட்டது. சிக்னேச்சர் கழுத்தை இயந்திரமே வெட்டி, விளிம்பையும் இயந்திரமே உருட்டுகிறது. கை பட்டால் நகல் கெட்டுவிடும் என்று தடை. அம்மாவின் கை சாதாரண ரகத்துக்கு மட்டும்தான்.

“சாதாரணத்துல அதே பள்ளம் இருந்தா உங்கம்மாவே கழிச்சுப் போட்டுருவா. ‘என்னக்கா, அங்க மட்டும் ஒசத்தியா’ன்னு புதுசா வந்ததுங்க மல்லுக்கு நிக்கும். வாயே தொறக்க மாட்டா.”

என் பெருவிரலைப் பள்ளத்தில் வைத்தேன். அளவெடுத்தது போல் உட்கார்ந்தது. எந்தெந்த ஊரிலோ, எந்தெந்த அறையிலோ, பெயர் தெரியாத விரல்கள் இந்த நொடியில் இதே இடத்தில் தங்கியிருக்கும். நான் பிறக்குமுன் விட்ட உதை. சங்கிலியில் உடல்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

பிறகு சாதாரண கிதாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“அட, நெசமாவா?”

“அதுல இருக்கறது நான், மாமா. எனக்கு அம்மா வேணும்.”

அவர் தன் கைத்துணியால் கிதாரை ஒருமுறை துடைத்துப் பையில் வைத்துக் கொடுத்தார்.

வீட்டில் அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். கிதாரை அவர் மடியில் வைத்தேன். எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார். கழுத்தின் விளிம்பு கைக்குக் கிடைத்ததும் நிதானமானார். கட்டைவிரல் மேலிருந்து கீழே மெல்ல இறங்கத் தொடங்கியது. எங்கும் தடுக்கவில்லை. கண்கள் மூடியிருந்தன.

“தூங்குறீங்களாப்பா?”

“சும்மா இரு. பாத்துட்டிருக்கேன்.”