கோதுமை விஸ்கிக்குச் சொந்த ஊர் எது?

குடிக்காத ஒருவன் செய்யக்கூடிய வேலைகளில் மிகவும் மோசமானது, பழைய விஸ்கிப் போத்தல் எந்த வடிசாலையில் பிறந்தது என்று கண்டுபிடிப்பது. ஓஃப் லைசன்ஸ் என்ற மதுக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்களுக்கு மிச்சத்தை நான் விளக்கத் தேவையில்லை.

வேலை வந்த விதம்

2009இல் லண்டன் வெம்பிளியில் குகனின் கடையில் வேலைக்கு நின்றேன். குகன் என்னைவிட இளையவர். முதலாளி என்ற நினைப்பு இல்லாதவர். மூடப்பட்ட ஒரு ஹோட்டல் பாரிலிருந்து அவர் பெட்டி பெட்டியாகப் பழைய சரக்கை எடுத்து வந்தார். அதில் பாதி பேர்பன் என்ற அமெரிக்க விஸ்கி. பேர்பன் பெரும்பாலும் சோளத்தில் வடிப்பது. கூடவே ரை என்ற தானியத்தைச் சேர்ப்பார்கள். சிலர் மட்டும் ரைக்குப் பதிலாகக் கோதுமை போடுவார்கள். அது தொண்டைக்கு மெதுவாக இருக்குமாம். அப்படிக் கோதுமை போட்டுப் பேரெடுத்த ஒரு வடிசாலை எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அதன் பெயர்களை மட்டும் வேறு ஆட்கள் வாங்கி, அதே லேபிளில், வேறு வடிசாலைச் சரக்கை விற்றார்கள். வெளியே அதே முகம், உள்ளே வேறு ஆள். பழைய வடிசாலையின் போத்தலுக்காக அலைகிற ஒரு கூட்டம் லண்டனில் இருப்பது, அவர்கள் கடை வாசலுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இதைப் பிரித்தறியும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஊரில் போர் முடிந்த அந்த வருடம் எங்கள் ஆட்களுக்கு எப்படிப்பட்ட வருடம் என்று சொல்ல வேண்டியதில்லை. செய்தி பார்க்காமல் இருப்பதற்காகவே கையில் கிடைத்த சிறிய எழுத்தையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தேன். குகன் அதைத் தகுதி என்று எடுத்துக்கொண்டார்.

"பால் பக்கெற்றிலை இருக்கிற எழுத்தையும் விடாமல் வாசிக்கிற ஆள் நீங்கள். உங்களை விட்டா இதுக்கு ஆர் அண்ணை?"

அடியில் இருந்த எண்

முதல் வாரமே எனக்கு ஞானம் வந்துவிட்டது. போத்தலைக் கவிழ்த்தால் கண்ணாடியின் அடியில் இரண்டு இலக்கம் இருக்கும். அது வருடம் என்று யாரோ சொன்னார்கள். வந்தவர்களிடமெல்லாம் நான் போத்தலைக் கவிழ்த்துக் காட்டி, டொக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்து, "எண்பத்திரண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது கண்ணாடி வார்த்த வருடமாக இருக்கலாம், விஸ்கி அதற்குப் பல வருடம் முன்பே பீப்பாய்க்குள் போயிருக்கும் என்று ஒரு வாடிக்கையாளர் மெல்லச் சொன்னார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது பழக்கதோஷத்தில் எலுமிச்சங்காய் ஊறுகாய்ப் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தேன். எண்பத்திரண்டு. சில கண்ணாடியில் அது வருடமே இல்லை, போத்தல் வார்க்கும் அச்சின் எண். நான் போத்தலையே வெறித்துப் பார்ப்பதைக் கண்டு மனைவி காரணம் கேட்டாள். சொன்னேன். அவள் சோற்றைப் போட்டபடியே கேட்டாள்:

"அப்ப உந்த ஊறுகாயும் அமெரிக்காவிலையே வடிச்சது?"

எட்மண்டனில் ஒரு விசாரணை

வட லண்டனில், எட்மண்டனில் இருக்கும் நாதன் என் மனைவியின் தம்பி. தன்னிடமும் அதே லேபிளில் ஒரு பழைய பேர்பன் இருக்கிறது, ஒரு பிறந்தநாள் விழாவுக்குக் கொண்டு வருகிறேன் என்றான். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு போத்தல் கிடைக்கிறதே என்று பஸ் ஏறிப் போனேன். எங்கள் விழாக்களில் மண்டபத்துக்குள் கேக்கும் பாட்டும் நடக்கும். ஆண்கள் கார் பார்க்கில், டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு, பேப்பர் கோப்பையுடன் நிற்பார்கள். நான் கேக்கைத் தாண்டி நேரே டிக்கிக்குப் போனேன். போத்தல் வெறுமையாக இருந்தது. கோதுமையின் மென்மை முழுவதும் கோக்கில் கரைந்து போயிருந்தது.

வெறும் போத்தலையாவது தா என்று வாங்கி, லேபிளை வாசித்தபடி பஸ்ஸில் திரும்பினேன். பக்கத்து இருக்கையில் வீடு வரும்வரை யாரும் உட்காரவில்லை. புறப்படுமுன், இது எந்த வடிசாலை என்று ஏதாவது தெரியுமா என்று நாதனிடம் கேட்டிருந்தேன். அவன் வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னான்:

"எங்கை பிறந்ததெண்டு தெரியாது அத்தான். எங்கை முடிஞ்சதெண்டு கேளுங்கோ, சொல்லுறன்."

அமெரிக்கரின் பயம்

செப்டெம்பரில் றொபேர்ட் என்ற அமெரிக்கர் வந்தார். லண்டனில் வேலை செய்பவர். அவருடைய தகப்பன் அந்த மூடிய வடிசாலையில் ஆயுள் முழுக்க வேலை செய்தவராம். கிழவர் முதன்முறையாக லண்டன் வருகிறார். அவர் வேலை செய்த இடத்தில் வடித்த ஒரு போத்தலை அவர் கையில் கொடுக்க வேண்டும். பெயர் எதுவானாலும் பரவாயில்லை, வடிசாலை சரியாக இருக்க வேண்டும் என்றார்.

நான் எல்லாப் போத்தல்களையும் வரிசையாக நிறுத்தி விசாரித்தேன். முதலில் எங்கே இருந்தாய், யார் அடைத்தது, இடையில் எந்த நாட்டில் நின்றாய், அத்தாட்சி எங்கே. கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இது என் சொந்தக் கேள்வி இல்லை என்று உறைத்தது. அகதியாக வந்த புதிதில், குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னிடம் கேட்டதைத்தான் நான் போத்தலிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அதே குரலில்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. லேபிளின் அடியில் மிகச் சிறிதாக வடிசாலையின் எண் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கடைசி இலக்கம் ஆறு என்றால் அந்தப் பழைய வடிசாலை. எட்டு என்றால் வேறு ஆள். ஆறு. வருகிற சனி விட்டு அதற்கடுத்த சனிக்கிழமை தகப்பனோடு வந்து எடுக்கும்படி சொன்னேன். றொபேர்ட் கதவடியில் நின்று திரும்பினார்.

"பிழையான போத்தலைக் கொடுத்தாலும் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் என் பயம்."

சந்தனம்

இடையில் சரஸ்வதி பூசை வந்தது. குகன் பக்திமான். காசு போடும் டில் மெஷின், குளிர்பெட்டி, கமரா, கதவுப் பூட்டு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். டில்லுக்குப் பக்கத்தில் நான் எடுத்துவைத்திருந்த போத்தலையும் அவர் விடவில்லை. லேபிளில் இருந்த படத்தின் மேல் வைத்தால் வடிவு கெடும் என்று யோசித்து, லேபிளின் அடியில், ஒன்றும் இல்லாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறார். அந்த ஒன்றும் இல்லாத இடத்தில்தான் எண் இருந்தது.

அடுத்த நாள் ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்தேன். சந்தனம் போனது. கூடவே கடதாசியின் மேல்தோலும் எண்ணும் போயின. மஞ்சளாக ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியது. அதன்பிறகு எனக்கு நிம்மதி இல்லை. நான் பார்த்தது ஆறுதானா? அல்லது அந்த மனிதருக்காக ஆறைப் பார்க்க ஆசைப்பட்ட கண், எட்டின் மேல்வளையத்தைத் தானாகத் திறந்துவிட்டதா? கண்ணாடி மாற்ற வேண்டும் என்று கண் பரிசோதித்தவர் சொன்னது வேறு ஞாபகம் வந்தது. இதையெல்லாம் சொல்லிப் புலம்பியபோது குகன் ஊதுபத்தியைச் செருகிக்கொண்டே ஆறுதல் சொன்னார்:

"விடுங்கோ அண்ணை. எங்கை வடிச்சதெண்டு அம்பாளுக்குத் தெரியும்."

டிக்கியில் தீர்ப்பு

சனிக்கிழமை கிழவர் வந்தார். நெடிய ஆள், தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். ஆறு என்று நான் ஒரு சொல் சொன்னால் காரியம் முடிந்தது. மறுத்துச் சொல்ல லேபிளில் எண்ணே இல்லை. ஆனால் மகனின் அந்தப் பயத்தை நினைத்ததும் வாய் வரவில்லை. எண்ணை ஒருமுறை கண்டேன், ஆறு என்று நம்பினேன், இப்போது அத்தாட்சி இல்லை, என் நம்பிக்கையிலும் எனக்கு நம்பிக்கை இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். மகனின் முகம் விழுந்துவிட்டது. கிழவர் அந்த மஞ்சள் வட்டத்தை விரலால் தொட்டு, இது என்ன என்று கேட்டார். விளக்கினேன். "அப்படியானால் குடித்துப் பார்ப்போம்" என்றார்.

கடைக்குள் குடிக்கச் சட்டம் விடாது. பின்னாலிருந்த முற்றத்தில் மகனின் காரின் டிக்கியைத் திறந்து, கிழவரை அதன் விளிம்பில் இருத்தினோம். குகன் பேப்பர் கோப்பை கொண்டு வந்தார். மகன் கார் ஓட்ட வேண்டும். குகனுக்குப் புரட்டாசிச் சனி விரதம். நான் சீனி வருத்தக்காரன். ஆக, தீர்ப்புச் சொல்ல அவர் ஒருவர்தான். ஒரு மிடறு குடித்தார். மகன் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். கிழவர் கோப்பையை நீட்டினார். குகன் ஊற்றினார். அதையும் குடித்தார். மூன்றாவது முறை நீட்டியபோது எனக்குப் பொறுக்கவில்லை. "உங்களுடையதுதானா, ஐயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் மூன்றாவதையும் குடித்து முடித்தார். பிறகு மகனின் தோளைப் பிடித்துத் தன் பக்கத்தில், டிக்கி விளிம்பில், இருத்திக்கொண்டு சொன்னார்:

"கோதுமை இருக்கிறது. ஆறோ எட்டோ, இது எங்களுடையதாகவே இருக்கட்டும்."

இங்கே இருக்கலாம் என்று குரோய்டனில் எனக்குப் பல வருடம் இழுத்தடித்துக் கிடைத்த தீர்ப்பு, ஒரு அத்தாட்சியும் இல்லாத அந்தப் போத்தலுக்கு மூன்று பேப்பர் கோப்பையில் கிடைத்துவிட்டது.