பிள்ளையாருக்குத் தறித்த பாலைமரமும் மகளின் பாதுகாப்பு அனுமதியும்

2025 நவம்பர் 6, வியாழக்கிழமை, காலை 9.10. எங்கள் ஊர் அக்கராயனில் தூறல். அப்போதுதான் என் கடைசி மகள் பதினொரு பக்க விண்ணப்பத்தை என்முன் வைத்தாள். விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையில் வேலை சரி. பாதுகாப்பு அனுமதி மட்டும் பாக்கி. ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி: பெற்றோர் எவராவது நீதிமன்றில் தண்டிக்கப்பட்டவரா?

1975இல், இருபத்துமூன்று வயதில், அரச காட்டில் பாலைமரம் தறித்து அகப்பட்டவன் நான். அபராதம் 25 ரூபா. மரமோ எனக்கல்ல. குளக்கட்டுப் பிள்ளையாரின் மணியைத் தொங்கவிட.

"இல்லை எண்டு எழுது பிள்ளை. அம்பது வருசமாச்சு."

"மரத்தை விடுவாங்கள் அப்பா. பொய்யை விடமாட்டாங்கள்."

நான்கு வருடம் காத்திருந்து கிடைத்த வேலை. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு கோயிலுக்குப் போனேன். "பிள்ளையாரப்பா, இந்த வழக்கில நீயும் கூட்டாளி. நீதான் வழி சொல்லவேணும்" என்று அழுதேன். வெள்ளைப் பூவொன்றும் சிவப்புப் பூவொன்றும் தனித்தனிப் பொட்டலமாக வைத்துப் பூக்கட்டிக் கேட்டேன். வெள்ளை வந்தால் சொல்வது; சிவப்பு வந்தால் மறைப்பது. பூசாரி எடுத்த பொட்டலத்தில் வெள்ளை. மறுபடி கேட்டேன். ஏழு தடவை, ஏழும் வெள்ளை. சந்தேகத்தில் மற்றப் பொட்டலத்தையும் பிரித்தேன். சிவப்பு பத்திரமாக உள்ளே இருந்தது.

"காணும் ஐயா, பிள்ளையார் களைச்சுப்போனார்" என்றார் பூசாரி.

இருபத்தொரு தேங்காய் நேர்ந்துகொண்டு உள்ளதை எழுதிக் கொடுத்தேன். இணைப்பு நான்கு பக்கம், மரத்தின் சுற்றளவு உட்பட.

டிசம்பர் 16 விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தார்.

"ஒரு மரம்தானே ஐயா?"

"ஓம் தம்பி. கொப்புகள் பதினாலு."

சிரித்துவிட்டார். "ஊருக்குள்ள விசாரிச்சிட்டுத்தான் வாறன். மூண்டு பேர் இந்த மரத்தைச் சொல்லிப்போட்டினம். நீங்கள் மறைச்சிருந்தால் பிள்ளையின்ர வேலை போயிருக்கும். அம்பது வருசத்துக்கு முந்தின ஒரு மரம் ஒண்டும் செய்யாது."

போகும் வழியில் அவர் கோயில் மணியை அடித்த சத்தம் வீடுவரை கேட்டது. நான் கைகூப்பி நின்றேன்.

தை மாதம் அனுமதி வந்தது. அந்த மூவர் யாரென்று தேடுவதையும் விட்டுவிட்டேன். சந்தேகப்படுபவர்களை எண்ணினால் ஐந்து பேர் வருகிறார்கள். அடியார்களே, உள்ளதை எழுதுங்கோ, மிச்சத்தை அவனிடம் விடுங்கோ. முதல் வெள்ளைப் பூவையே நம்புங்கோ.

தேங்காய் 3,780. கற்பூரம் 100. காட்டுக்குத் திருப்பி நட்ட பாலைக்கன்று 60. பழைய அபராதத்தோடு மொத்தம் 3,965 ரூபா.