சாயாத தேர்

எங்கள் தலைவருக்கு இருமலில் ரத்தம் வரத் தொடங்கியதிலிருந்து அவருடைய தேரோட்டி சேங்கின் வீட்டுப் பக்கம் யாரும் போவதில்லை. காரணம் ஹுவான் ஆற்றங்கரை முழுக்கத் தெரியும். தலைவர் செத்தால் அவருடைய தேரும் குழிக்குள் போகும். தேரோடு குதிரைகள், குதிரைகளோடு தேரோட்டி. எங்கள் வழக்கம் அப்படி.

நான் அந்தக் குதிரைகளுக்குத் தீனி வைப்பவன். சேங்கைப் போலத் தலைக்கனம் பிடித்த ஆளை நான் பார்த்ததில்லை. போரில் யார் விட்ட அம்பு குறி தப்பினாலும், "அம்பு என்னடா பண்ணும்? தேர்த்தட்டு ஆடியிருக்கும்" என்று அம்பு விட்டவனின் தேரோட்டியை வம்புக்கு இழுப்பான். அவன் ஓட்டும்போது தலைவர் நின்றபடியே மது குடிப்பார். ஒரு சொட்டு சிந்தாது.

தலைவரைக் கீழே தள்ளியவன் மறுபடி கடிவாளத்தைத் தொடக்கூடாது என்றும் ஒரு வழக்கம் உண்டு. பன்றிக் கொட்டிலுக்கு விரட்டிவிடுவார்கள். சேங்கின் மனைவி யுவே அதைப் பிடித்துக்கொண்டாள். நான் இருப்பதையும் பார்க்காமல், தினைக் கஞ்சியை அவன் முன் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஒரே ஒரு தடவ கவுத்து விடுங்க. சேத்துலதான விழப்போறாரு?"

"ஊரே சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். பன்னி மேய்ச்சாலும் பொழுது சாஞ்சா வீட்டுக்கு வருவீங்கல்ல?"

சேங் என்னைப் பார்த்தான். "நீ என்னடா சொல்ற?"

"பன்னிக்கும் நானே தீனி வெக்கிறேண்ணே."

மூவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே யுவே அழுதுவிட்டாள்.

அந்த வாரமே தலைவர் மான் வேட்டைக்குப் போக ஆசைப்பட்டார். இதுதான் கடைசி என்று அவருக்கும் தெரிந்திருக்கும். கிளம்பும் முன் இடது சக்கரத்தின் கடையாணியை சேங்கே தளர்த்தினான். நான் மறைத்து நின்றேன்.

சதுப்பு ஓரம் திரும்பும்போது சக்கரம் கழன்று உருண்டது. தேர் இடப்பக்கம் சரிந்தது. தப்பித்தான் என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவன் சும்மா நின்றிருந்தால் போதும். ஆனால் உடம்பு மொத்தத்தையும் வலப்பக்கம் சாய்த்து, கடிவாள வாரை மார்போடு இழுத்து, ஒற்றைச் சக்கரத்தில் தேரைத் தாங்கி நிறுத்திவிட்டான், பாவி!

தலைவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இருமி இருமிச் சிரித்தார். "உன்ன விட்டா எனக்கு யாருடா இருக்கா? போற எடத்துலயும் நீதான் ஓட்டணும்." கூட வந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

லாயத்தில் நாங்கள் தனியாக இருந்தபோது, "ஏண்ணே இப்படிப் பண்ணுன?" என்று கத்தினேன்.

"நான் எங்கடா பண்ணேன்? கை பண்ணிடுச்சு."

அந்தக் கைகள் மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

முதல் பனி விழுந்தபோது தலைவர் போய்விட்டார். எலும்பைச் சுட்டு, அதில் விழும் விரிசலைப் பார்த்துக் குறி சொல்பவர், கூடப் போகும் தேரோட்டி சேங்தான் என்று அறிவித்தார். அதற்கு எலும்பு எதற்கு? குதிரைகளுக்குக் கடைசித் தீனியை நான்தான் வைத்தேன். யுவேயைப் பெண்கள் இறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

தேரைக் குழிக்குள் இறக்கினார்கள். சக்கரங்கள் பதிய இருபுறமும் பள்ளம் வெட்டியிருந்தது. தனக்குக் கொடுத்த மதுவைக் குடித்துவிட்டு, சேங் விளிம்பில் குனிந்து பார்த்தான். முகம் சுளித்தான்.

"வலப்பக்கம் பள்ளம் ஆழம் பத்தல. தேரு சாயுது பாருங்க. இன்னும் கொஞ்சம் வெட்டுங்க."

வெட்டினார்கள். தேர் சாயாமல் நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் அவன் இறங்கினான்.