பிரஸ் பட்டனோடு ஒரகடம் போனால்

ஒரகடத்துக்கு யாரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. நானும் பிழைப்புக்காகத்தான் போனேன். சென்ற ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அங்குள்ள ஒரு செல்போன் உதிரிபாகத் தொழிற்சாலையில், பெண் தொழிலாளர்களுக்கான புது ஓவர்கோட்டின் மாதிரியைக் காட்ட அழைத்திருந்தார்கள். நான் ஆடை வடிவமைப்பாளர். நான்கு மாதமாக ஓர் ஆர்டரும் இல்லை. இதுவும் கைநழுவினால் கடையை மூட வேண்டியதுதான்.

தாம்பரத்தில் 8.50க்கு வாலாஜாபாத் பேருந்து. டிக்கெட் 25 ரூபாய். படப்பையில் நெரிசல் பிடித்து, ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கும்போது 9.55. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், 20 ரூபாய். கூட்டம் 11.30க்கு. நேரம் தாராளமாக இருக்கிறது என்ற திமிரில் ஒரு டீயும் குடித்தேன்.

வாயிலில் உலோகம் கண்டுபிடிக்கும் வளைவு. நான் நுழைந்ததும் அது கத்திய கத்தலில் தெருநாய் எழுந்து ஓடியது. என் குர்த்தாவின் முதுகில் பித்தளை ஜிப், தோளில் உலோக வளையங்கள், கை நுனியில் சலங்கைக் குஞ்சம். வடிவமைப்பாளர் என்று பார்த்ததுமே தெரிய வேண்டாமா?

காவலுக்கு நின்ற அம்மா என்னைச் சுற்றி வந்து பார்த்தார். "இன்னா மேடம், உடம்பு பூரா இரும்பா கீது? இத்தோட உள்ள வுட மாட்டாங்க."

"சரி, இந்தக் கோட்டையாவது உள்ளே கொடுத்து அனுப்புங்களேன்."

கோட்டு இருந்த பையை வாங்கி வளைவுக்குள் நீட்டினார். அதுவும் கத்தியது. முன்பக்கத் திறப்பில் வரிசையாக ஏழு உலோகப் பிரஸ் பட்டன்கள்! ராக்லன் கையும் சைனீஸ் காலரும் பிரின்சஸ் கட்டும் யோசித்த எனக்கு, போட்டுக்கொண்டு வருபவள் எந்த வழியாக வருவாள் என்று யோசிக்கத் தோன்றவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

"எதுர்ல மாரீஸ்வரி கடைக்குப் போ. இன்டர்வியூக்கு வர்ற பொண்ணுங்க எல்லாம் அங்கதான் மாத்திக்கினு வரும்" என்றார் காவலர்.

மாரீஸ்வரிக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். சாத்தூர்க்காரி, தொழிற்சாலை லைனில் மூன்று வருடம் நின்று வேலை பார்த்துவிட்டுத் தையல் கடை போட்டவள். ஆணியில் இரவல் டாப்புகள் தொங்கின. கிளிப்பச்சையில், பஃப் கை வைத்த ஒன்றை என்னிடம் கொடுத்தாள். கோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, இம்புட்டு நல்லா வெட்டிட்டு, இரும்பப் போயி வச்சிருக்கீக?"

"பிளாஸ்டிக் பட்டன் தைத்துவிடலாமா?"

"அத்து லைன்ல விழுந்தா சூப்பர்வைசர் ஏசுவாருக்கா. வெல்க்ரோவும் ஆகாது, பஞ்சு சேத்துக்கிடும்."

பட்டன் பட்டையையே வெட்டி எறிந்தாள். முன்பக்கத்தை அகலமாக மடித்து, இடுப்போரம் மூன்று துணி நாடா தைத்தாள். நாடா நுனியைச் செருக ஒரு குட்டிப் பையும் வைத்தாள். "தொங்குனா மெசினு இழுத்துரும்லக்கா." நாற்பது நிமிடம். நூற்றைம்பது ரூபாய்.

கிளிப்பச்சையில் உள்ளே போனேன். மேலாளர் நாடாவை மூன்று முறை கட்டி அவிழ்த்தார். "இதுக்கு என்ன பேர்?"

"அங்கரக்கா ஓவர்லேப்" என்றேன், வடநாட்டு ராஜா உடுப்பின் பெயரைக் கூசாமல் இழுத்து.

"அந்தச் சின்னப் பை யாரோட ஐடியா? லைன்ல நின்னவங்களுக்குத்தான் இது தோணும்."

என்னுடையது என்று வாய் வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் ஆர்டர் எனக்கு மட்டும். ஆனால் லைனைப் பற்றி அடுத்த கேள்வி வந்தால் என்ன பதில் சொல்வது? "எதிர்க் கடை மாரீஸ்வரியோடது" என்றேன்.

கூப்பிட்டு அனுப்பினார்கள். அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே வந்தாள். இருவரும் சேர்ந்து செய்வதென்றால் ஆர்டர் தருகிறோம் என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்தப் பக்கம் வேலையாக வருகிறவர்களுக்கு: காலை எட்டரைக்கு முன் தாம்பரத்தை விட்டுவிடுங்கள். நாடா வைத்த உடையே உத்தமம். ஜீன்ஸ் வேண்டாம், அதன் உலோகக் குமிழ் ஒவ்வொன்றுக்கும் வளைவு கத்தும்.

படிவத்தில் வடிவமைப்பாளர் பெயர் எழுத ஒரே ஒரு கோடுதான் இருந்தது. மாரீஸ்வரி பேனாவை வாங்கித் தன் பெயரைக் கோடு முழுக்கக் கொட்டை எழுத்தில் எழுதினாள். பிறகு என்னைப் பார்த்து, "ஒங்க பேரு என்னக்கா?" என்றாள்.