டாங்கி சுற்றிப்போன மேடு

குனிந்து ஒரு சில்லை எடுப்பார், சட்டையில் துடைப்பார், நுனி நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் பழைய எலும்பு, ஒட்டாவிட்டால் கல். "என்னக்கா, உப்பு பத்தலையா?" என்று கேட்காத சிப்பாய் அந்த ராணுவப் பயிற்சித் திடலில் இல்லை. தொல்லியல் ஆய்வாளருக்கு அவர்கள் வைத்த பெயர் கல்லக்கா.

ஐம்பத்தாறு வயது, முழங்கால் இரண்டும் தகராறு. பயிற்சி இல்லாத நேரத்தில்தான் உள்ளே விடுவார்கள். வெடிக்காத குண்டு எங்கே கிடக்கிறதோ என்று சார்ஜென்ட் கருவியோடு முன்னே நடப்பார். அவர் கால் வைத்த இடத்தில்தான் இவரும் வைக்க வேண்டும். "என் புருஷன் பின்னாலகூட இப்படி நடந்ததில்ல" என்பார்.

ஒருமுறை கூரான கற்சில்லுகளை அள்ளிவந்து, ஆதிமனிதனின் கத்தி என்று ஊரைக் கூட்டிவிட்டார். டாங்கி ஏறி நொறுங்கிய சில்லுகள் அவை. "அஞ்சாயிரம் வருஷமில்ல, போன செவ்வாக்கிழமை" என்று அந்தக் கதையை அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் ராணுவத்தை யாராவது குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். "வேலிக்கு வெளிய போய்ப் பாருங்க. உழுது, வீடு கட்டி, ஒரு கல்லு மிஞ்சல. இவங்க பூட்டி வச்சதாலதான் அந்தக் காலத்துப் பெரியவங்க படுத்த இடத்துல படுத்திருக்காங்க. இவங்களுக்கு நான் கடன்பட்டவ."

இன்று காலை பதினொன்றரைக்கு ஒரு கல்வட்டம் கண்ணில் பட்டது. நடுவே சிறு மேடு, சுற்றிலும் பதினான்கு கல். புதைகுழியேதான். பன்னிரண்டுக்கு டாங்கிகள் ஓடப்போகும் தடம் அதன் மேலேயே போனது. சுற்றி விலகிப்போகச் சொல்லும் சிவப்புக் கம்பம் நடாவிட்டால் ஓட்டுபவருக்கு அது வெறும் தரை. நடுவதென்றாலோ கம்பம் இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் முதலில் குண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"நேரம் பத்தாதுக்கா" என்றார் சார்ஜென்ட்.

"உங்க கால்ல வேணா விழறேன் தம்பி."

"விழுந்தா உங்கள யாரு தூக்குறது?" என்றவர் ரேடியோவை எடுத்தார். "சார், ஒரு கால்மணி நேரம் குடுங்க. நம்ம வீட்டுப் பெரியவங்களப் புதைச்ச இடம்னு நெனச்சுக்குங்க."

கிடைத்தது. கடைசிக் கம்பத்தை நட்டுவிட்டு இருவரும் மண்சுவருக்குப் பின்னால் வந்து மூச்சு வாங்கும்போது முதல் டாங்கி தெரிந்தது. நேராக மேட்டை நோக்கியே வந்தது. கம்பத்துக்குப் பத்தடி முன்னால் நின்றது. பிறகு முனகியபடி திரும்பி, வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனது. அடுத்ததும் அதே தடத்தில் போனது.

கல்லக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நல்லா இருப்பீங்கடா!" என்று கத்தியது இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. விறைப்பாக நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட் அடித்தார், இடது கையால். சிப்பாய்களின் சல்யூட்டில் விரல் ஒன்று மடங்கியிருந்தாலே திடல் அதிரக் கத்துகிற சார்ஜென்ட், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் வந்து நின்று தானும் சல்யூட் வைத்தார்.