தொண்டை கட்டிய நாளில் ஒரு பிரசவம்

கலைவாணி சிஸ்டர் பிரசவம் பார்த்தால் பஸ் நிறுத்தம் வரைக்கும் தெரியும். "முக்கு! மூச்சப் பிடிச்சு முக்கு! வாயால கத்தாத!" என்று அவர் போடும் சத்தத்தில், வெளியே டீ குடிக்கிறவர்களுக்கே அடிவயிறு இறுகும். போளூர்க்காரர். ஜவ்வாது மலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நர்ஸாக வந்து பதினோரு வருஷம். அதட்டினால்தான் பிள்ளை சீக்கிரம் இறங்கும் என்று நம்புகிறவர். நல்ல மனுஷிதான், பொறுமைதான் மருந்துக்கும் கிடையாது.

போன மாசம் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அன்றைக்குப் பார்த்து வடிவு வலியோடு வந்து சேர்ந்தாள், மாமியார் மங்கம்மாளுடன். முதல் பிரசவமும் இதே சிஸ்டர்தான். அப்போது கிழிந்து போட்ட தையலால் மூன்று மாதம் சரியாக உட்கார முடியாமல், சாமை அறுப்புக்கும் போகாமல் கிடந்தவள்.

"தையல் மட்டும் வேணாங்க சிஸ்டர்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அதுக்குப் பயந்தே வூட்லயே பெத்துக்கலாம்னு இருந்தேன். அத்ததான் இட்டாந்தாங்க."

மதியம் கர்ப்பப்பை வாய் முழுசாகத் திறந்தது. வழக்கமாக அந்த நிமிஷமே சத்தம் தொடங்கிவிடும். கலைவாணி முயன்று பார்த்தார், கீச்சென்று ஏதோ வந்தது. வடிவு ஒருக்களித்துப் படுத்துக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மல்லாந்து படு என்று அதட்டவும் குரல் இல்லை. குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்தார். நன்றாகவே இருந்தது. சரி என்று வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பிள்ளை வரும் இடத்தில் ஒற்றிப் பிடித்தபடி காத்திருந்தார்.

மங்கம்மாள்தான் பதறினாள். "இன்னா சிஸ்டர், சும்மா கீறீங்க? முக்கச் சொல்லுங்க!"

கலைவாணி உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

கால் மணி நேரம் போயிற்று. பிறகு வடிவு தானாகவே முக்கினாள். வலி விட்டதும் நிறுத்தினாள், வந்ததும் மறுபடி முக்கினாள். தலை மெல்ல மெல்ல வந்தது. பெண் குழந்தை. உடனே அழுதது.

நஞ்சு விழுந்ததும் கலைவாணி விளக்கை இழுத்துப் பார்த்தார். கீறல்கூட இல்லை. தையல் வேண்டாம் என்று கையை ஆட்டிக் காட்டினார்.

"இந்த வாட்டி நீங்க கத்தலீங்களா, எப்போ முக்கணும்னு எனக்கே தெரிஞ்சுதுங்க" என்றாள் வடிவு. குத்திக்காட்டவில்லை, சந்தோஷத்தில்தான் சொன்னாள்.

கலைவாணிக்குச் சுருக்கென்றது. குனிந்து, வந்த குரலில், "போன வாட்டி கிழிஞ்சது என் அவசரத்துலம்மா. மன்னிச்சுக்கோ" என்றார்.

 வடிவு பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என் நாத்தனா அடுத்த மாசம் பிரசவத்துக்கு வருவா, சிஸ்டர். அப்போ உங்களுக்குத் தொண்ட சரியா இருக்கும். அவளப் பாத்துக் கத்தாதீங்க."