ஆற்றுவாயில் சரீனாவின் பாகம்

காலை 6.20. திருகோணமலைத் துறைமுக வாசலுக்கு வெளியே, வெள்ளை நிறக் காரின் டிக்கி திறந்தபோது நான் முதலில் பார்த்தது ஒரு மண்வெட்டி. கழுவித் துடைத்து, தகட்டுக்கு மேல் ஒரு சாக்கு சுற்றியிருந்தது. ஓட்டுநர் நியாஸ் அதை அவசரமாக ஓரத்துக்குத் தள்ளிவிட்டு என் பையை வைத்தார்.

“வீட்டுச் சாமான் மிஸ். இறக்க மறந்திட்டன்” என்றார்.

சென்னையிலிருந்து வந்த எங்கள் கப்பல் அன்று ஒருநாள் மட்டும் அங்கே நின்றது. இரவு எட்டரைக்குள் எல்லோரும் திரும்பியிருக்க வேண்டும். மற்ற பயணிகள் கோணேசர் கோவிலுக்கும் நிலாவெளிக் கடற்கரைக்கும் பஸ்ஸில் புறப்பட்டார்கள். நான் ஒரு மாதத்துக்கு முன்பே இணையம் வழியாகத் தனிக்கார் ஒன்றைப் பேசியிருந்தேன். கல்முனைக்குத் தெற்கே உள்ள ஆற்றுப் படுகையைப் பார்க்க வேண்டும், வயலிலிருந்து தொடங்கி ஆறு கடலில் சேரும் இடம் வரை போக வேண்டும் என்று எழுதியிருந்தேன். போக வர நாற்பத்திரண்டாயிரம் இலங்கை ரூபாய், மதியச் சாப்பாடு ஓட்டுநரின் வீட்டில் என்று பதில் வந்தது. நான் நாகப்பட்டினத்துப் பக்கம் பிறந்தவள். ஆறு முடியும் இடங்கள் எனக்குப் பழக்கம். இன்னோர் ஊரில் அது எப்படி முடிகிறது என்று பார்க்கும் ஆசை, அவ்வளவுதான்.

நியாஸுக்கு நாற்பது வயதிருக்கும். பிறந்தது சாய்ந்தமருது, கல்யாணம் கட்டி நிந்தவூரில் மனைவி வீட்டில் இருக்கிறார். அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் போய்ச் சேர வேண்டும். முதல்நாள் மாலையே திருகோணமலைக்கு வந்து காரிலேயே தூங்கியிருந்தார். கண் சிவந்திருந்தது.

வண்டி நகர்ந்ததும் அவர் சொன்ன முதல் விஷயம் திரும்பும் நேரம். மூன்று மணிக்கு நிந்தவூரிலிருந்து வெளிக்கிட்டே ஆக வேண்டும் என்றார். தூரம் ஏறக்குறைய நூற்றெண்பது கிலோமீட்டர். மூன்றுக்குப் புறப்பட்டால் ஏழு மணிக்கே வந்துவிடுவோமே என்றேன். ரோட்டை நம்ப ஏலாது என்றார். கவனமான ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிண்ணியாப் பாலத்தைக் கடந்தபோது வெயில் ஏறவில்லை. மூதூர், வெருகல், வாகரை என்று ஊர்கள் போயின. மகாவலியின் கிளைகள் மண்நிறத்தில் கரை தொட்டு ஓடின. ஒரு வாரமாக மழை, முந்தாநாள்தான் விட்டது என்றார் நியாஸ். வாழைச்சேனைக்கு அப்பால் ஒரு கடையில் பால் போடாத பிளேன்ரீ குடித்தோம். கடைக்காரர் இவரை அறிந்தவர் போலிருக்கிறது. “ஆத்துவாய் இண்டைக்குத்தானே?” என்று கேட்டார். நியாஸ், “ஓம், கதைக்கிறாங்க” என்று சொல்லிவிட்டு உடனே காசை எடுத்து நீட்டினார்.

10.40. மருதமுனை. இங்கே தறிகளைப் பார்க்காமல் போகக்கூடாது என்று நியாஸ் வண்டியை நிறுத்தினார். நான் கேட்கவில்லை. ஒரு வீட்டின் பின்கட்டில் நான்கு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. இரைச்சலில் யாரும் பேசவில்லை. ஒரு சாரம், எங்கள் ஊரில் கைலி, வாங்கினேன். அடுத்து கல்முனைச் சந்தை. மீன் வரிசையை இரண்டு தடவை சுற்றிக் காட்டினார். பிறகு எருமைத் தயிர். பிறகு சாய்ந்தமருதில் தான் படித்த பள்ளிக்கூடத்தின் மதில். பன்னிரண்டு மணியாகிவிட்டது. எழுதிக் கேட்ட ஆறு இன்னும் கண்ணில் படவில்லை.

காரைதீவு தாண்டியதும் வலதுபக்கம் வயல் திறந்தது. அதை வயல் என்று அறிந்துகொள்ள ஒரு நிமிடம் பிடித்தது. சாலையிலிருந்து மரவரிசை வரை ஒரே தண்ணீர். நடுவில் பச்சை நுனிகள் மட்டும், துணியில் குத்திய ஊசிகள்போல. வரப்பு எதுவும் தெரியவில்லை. சற்று உயரமான வாய்க்கால் கட்டில் ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வேலை எதுவும் செய்யவில்லை.

“இது ஏன் வடியவில்லை?” என்று கேட்டேன்.

“வாய் மூடிக் கிடக்கு மிஸ். கடல் மணலப் போட்டு மூடியிரிக்கி.”

அந்த இடத்துக்குத்தானே போக வேண்டும் என்றேன். பாதை சரியில்லை, டயர் புதையும் என்றார். ஒலுவில் பக்கம் போகலாம், பாலமுனையில் நல்ல கடற்கரை இருக்கிறது, நேரம் இருந்தால் சாகாமம் குளம் வரைக்கும்கூடப் போகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்று மணிக்குள் சாகாமம் போய் வர முடியாது என்பது அவருக்குத் தெரியாமலிருக்காது.

12.50. நிந்தவூரில் நியாஸின் வீடு. அதாவது அவர் மனைவி சரீனாவின் வீடு. என்னை முன்னறையில் உட்காரவைத்துவிட்டு நியாஸ் கைகால் கழுவப் போனார். நான் சமையலறைக்கே போய்விட்டேன். சரீனா உயரமான பெண். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு புளியாணம் என்ற புளிரசத்தை இறக்கிக்கொண்டிருந்தார். மூன்றடுக்குப் பெட்டி ஒன்றில் சோறும் மீனும் தனியே போட்டு வைத்திருந்தது. யாருக்கு என்று கேட்டேன். நியாஸின் தம்பி சியாமுக்கு என்றார். களப்பில், அதாவது ஆறு தேங்கி நிற்கும் காயலில், வீச்சுவலை போடுகிறவன், ஆற்றுவாயடியில் இருக்கிறான், மாரிகாலம் முழுக்க மத்தியானச் சோறு இந்த வீட்டிலிருந்துதான்.

டிக்கியில் இருந்த மண்வெட்டியைப் பற்றி நான் சும்மா ஒரு வார்த்தை சொன்னேன். இறக்க மறந்துவிட்டாராம் என்று.

“மறக்கல்ல அக்கா. நான்தான் வெச்சன்” என்றார் சரீனா. “எடுத்து வெளியில வெச்சா நான் திரும்ப வெப்பன் எண்டு அவருக்குத் தெரியும்.”

சாப்பிடும்போது முழுக்கதையும் வந்தது. சரீனாவின் உம்மா வழியில் வந்த இரண்டு ஏக்கர் வயல் தண்ணீருக்குள் இருக்கிறது. பயிர் குடலைப் பருவம்; கதிர் உள்ளே இருக்கிறது. இன்னும் இரண்டு நாள் இப்படிக் கிடந்தால் பதர்தான். கடல் அடைத்த மணல்மேட்டை வெட்டிவிட்டால் ஒரே இரவில் வடியும். ஆனால் வெட்டினால் களப்பு நீர் அத்தனையும் கடலுக்குப் போகும். அதோடு றால் என்று அவர்கள் சொல்லும் இறாலும் போகும். இன்னும் பதினைந்து நாள் மூடிக் கிடந்தால் றால் விற்கிற அளவுக்கு வளரும் என்று மீன்காரர்கள் காத்திருக்கிறார்கள். அதில் சியாமும் ஒருவன். நேற்று இரு பக்கமும் பள்ளிவாசலில் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இன்று அசர் தொழுகை வரை, அதாவது மாலை மூன்றரை வரை, மீன்காரர் வலை போடலாம். தொழுது முடித்ததும் வெட்டு. மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வர முடியாது, வழி சேறு. ஆகவே கையால் வெட்ட வேண்டும். வயலுள்ள வீட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு பாகம். ஆள் வராத வீட்டின் பாகம் வெட்டாமல் நிற்கும், மற்றவர்கள் தொடமாட்டார்கள். சரீனாவின் வாப்பா காலமாகிவிட்டார், கூடப்பிறந்த ஆண் யாரும் இல்லை. இந்த வீட்டில் ஆள் என்றால் நியாஸ்தான்.

“ஒரு மாசத்துக்கு முன்ன ஏத்த ஹயர்” என்றார் நியாஸ், தட்டைப் பார்த்தபடி. என் வாடகை ஓட்டத்தைத்தான் சொன்னார்.

“ஓம், ஏத்த ஹயர்தான். அது அசறுக்கு முதல் வெளிக்கிடுற ஹயரா எப்ப மாறின?” என்றார் சரீனா. பிறகு என் பக்கம் திரும்பினார். “உங்கட கப்பல் இண்டைக்கி வராட்டி இவர் வேற கப்பல் தேடியிரிப்பார் அக்கா. வெட்டினா தம்பிட முகத்தப் பாக்க ஏலா. வெட்டாட்டி என்ட முகத்தப் பாக்க ஏலா. உங்கள ஏத்திட்டுப் போனா ரெண்டும் தேவல்ல.”

நியாஸ் சிரிக்க முயன்றார். சரீனா இன்னும் கொஞ்சம் புளியாணம் ஊற்றினார். கோபத்தோடு ஊற்றியதாகத் தெரியவில்லை.

“கப்பலுக்கு எத்தின மணிக்கிப் போகணும்?” என்று கேட்டார்.

எட்டரை என்றேன். நாலேகாலுக்குப் புறப்பட்டாலும் போய்ச் சேரலாம்தானே என்று கேட்டார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நாலேகாலுக்கே புறப்படலாம், நான் பார்க்க வந்த இடமும் அதுதான் என்றேன். நியாஸ் எழுந்து கை கழுவப் போனார்.

3.10. பாதை அவர் சொன்ன அளவுக்கு மோசமில்லை. தென்னந்தோப்பின் ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு மணலில் நடந்தோம். நியாஸின் ஒரு கையில் மண்வெட்டி, மற்றதில் சோற்றுப் பெட்டி. வலதுபக்கம் களப்பு, அசையாமல், பழுப்பாக. இடதுபக்கம் கடல். நடுவே ஐம்பது அறுபது அடி அகலத்தில் ஈர மணல். களப்பின் நீர்மட்டம் கடலைவிட ஆள் உயரத்துக்கு மேலே நிற்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. மேட்டின் ஒருபுறம் முப்பது பேர்வரை மண்வெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். மறுபுறம் களப்பின் இடுப்பளவு நீரில் வலைகள் விரிந்து விழுந்துகொண்டிருந்தன.

சியாம் வலையை உதறிவிட்டுக் கரையேறினார். அண்ணனைவிட மெலிந்தவர், கறுத்தவர். மண்வெட்டியை முதலில் பார்த்தார், பிறகு என்னை.

“கப்பலுக்கு நேரமாகல்லயா காக்கா? இல்லாட்டி கப்பல்காரவங்களுக்கு மண் வெட்டிக் காட்டப் போறீங்களா?”

காக்கா என்றால் அங்கே அண்ணன். இரண்டு பக்கத்திலும் சிரித்தார்கள். ஆகவே விஷயம் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

“பகிடி விடாம சோத்தத் தின்னு” என்றார் நியாஸ்.

சியாம் குந்தியிருந்து வேகமாகச் சாப்பிட்டார். அவருடைய கூடையை எட்டிப் பார்த்தேன். றால் இருந்தது, சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. பாங்கு கேட்டதும் வலைக்காரர்களும் மண்வெட்டிக்காரர்களும் மணலில் ஒரே வரிசையாக நின்று தொழுதார்கள். அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் நின்றார்கள். தொழுது முடிந்ததும் அவரவர் பக்கத்துக்குப் போனார்கள்.

வயல்களுக்குப் பொறுப்பான வட்டவிதானை ஒரு கம்பால் மணலில் கோடு இழுத்து, மண்வெட்டிப் பிடியால் அளந்து, பாகம் பிரித்தார். வீட்டின் பெயரைச் சொன்னதும் ஒருவர் போய் அந்த இடத்தில் நிற்க வேண்டும். “சரீனா” என்றபோது நியாஸ் போய் நின்றார்.

வெட்டு களப்பின் பக்கமிருந்தோ கடலின் பக்கமிருந்தோ தொடங்கவில்லை, நடுவில் தொடங்கியது. இரு முனையிலும் ஒரு திட்டை விட்டுவைத்தார்கள், கடைசியில் உடைக்க. பழகியவர்கள் மூச்சுக்கு ஒரு வெட்டு என்று போட்டார்கள். நியாஸ் ஸ்டியரிங் பிடிக்கும் ஆள். கால்மணி நேரத்தில் கை கொப்பளித்துவிட்டது. அக்கம்பக்கத்துப் பாகங்கள் இடுப்பளவு இறங்கின. அவருடையது முழங்கால் ஆழத்தில் நின்றது, வாய்க்காலுக்குக் குறுக்கே கட்டிய அணைபோல. மணி 4.10. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இன்னும் பத்து நிமிடம் இருக்கலாம் என்றேன். பத்து நிமிடத்தில் முடிகிற வேலை இல்லை அது.

வலைகளின் பக்கத்திலிருந்து சியாம் மேட்டில் ஏறி வந்தார். ஈரச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார்.

“தாங்க.”

“நீ போ. இது உன்ட வேல இல்ல” என்றார் நியாஸ்.

“உங்கட வேலையும் இல்லதான். கப்பல்காரவங்களக் கொண்டு போங்க.” மண்வெட்டியைக் கையிலிருந்து வாங்கிவிட்டார்.

மீன்காரர் பக்கத்தில் ஒருவர் உரக்கக் கேட்டார்: “சியாம், நீ எந்தப் பக்கம்டா?”

சியாம் தலை நிமிரவில்லை. “இது காக்காட பாகம் இல்ல. மதினிட பாகம்” என்றார். பிறகு வெட்டினார். நியாஸ் பள்ளத்திலேயே நின்றார். இரண்டாவது தடவை “போங்க” என்ற பிறகுதான் ஏறினார். “பெட்டிய விட்டுட்டுப் போகாதீங்க” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

4.25க்குப் புறப்பட்டோம்.  கல்லாறு தாண்டும்போது நியாஸ், கப்பலைத் தவறவிட மாட்டேன், பயப்பட வேண்டாம் என்றார். நான் பயப்படவில்லை என்றேன். அது முழு உண்மையில்லை.

எங்கள் பக்கத்தில் வடிகால் ஆறுகள் கடலில் சேரும் இடங்களில் இரும்புக் கதவு உண்டு. பொதுப்பணித்துறை ஊழியர் வந்து சக்கரத்தைச் சுற்றினால் திறக்கும். தாமதமாகத் திறந்தால் உழவர்கள் மறியல் செய்வார்கள். சீக்கிரம் திறந்தால் மீன்பிடிப்பவர்கள் மனு கொடுப்பார்கள். யார்மீது கோபம் வந்தாலும் அதைக் கொண்டுபோய் இறக்கிவைக்க ஓர் அலுவலகம் இருக்கிறது. நிந்தவூருக்குத் தெற்கே அந்த மணல்மேட்டில் அப்படி ஒன்றும் இல்லை. அங்கே கதவைத் திறப்பவன் திரும்பிப் பார்த்தால், வலையோடு நிற்பது அவன் தம்பி. எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கதவு வசதியானது. வசதிக்கு ஒரு விலை இருக்கலாம் என்று வாகரைக் காட்டுக்குள் போகும்போது தோன்றியது.

வெருகலுக்கு முன்னால் சரீனா அழைத்தார். நியாஸ் ஒலிபெருக்கியில் போட்டார். வாய் திறந்துவிட்டது, தண்ணீர் கரையைத் தின்றுகொண்டு ஓடுகிறது, வயலில் வேலிக்கட்டையில் இரண்டு விரலளவு தண்ணீர் இறங்கியிருக்கிறது என்றார்.

“தம்பி?” என்றார் நியாஸ்.

“அங்கதான் நிக்கிறான். பாய்ச்சலுக்குள்ள வல போட்டிரிக்கானாம்.”

“என்னமும் சொன்னானா?”

“ராவைக்கிச் சோறு அனுப்பச் சொன்னான்.”

8.14. துறைமுக வாசலில் நியாஸ் என் பையை எடுக்க டிக்கியைத் திறந்தார். மண்வெட்டி கிடந்த இடத்தில் சியாமின் சோற்றுப் பெட்டி இருந்தது.